கொலம்பஸ் குளிர் யார் பக்கம்?

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க வந்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "2024 டிசம்பரில் டென்னசி அணி கொலம்பஸுக்கு வந்து 42–17 என்று தோற்றது. தெற்கத்திப் பையன்கள் குளிரில் சுருண்டுவிட்டார்கள் என்றுதான் எங்கள் லேபில் எல்லோரும் சொல்கிறார்கள். வடக்குக் கல்லூரிகளுக்குக் குளிர் உண்மையிலேயே சொந்த மைதானத்தின் பலமா, இல்லை வெறும் பேச்சா?"

தம்பி, குளிர் ஆட்டத்தை மாற்றும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எப்போதும் வீட்டு அணிக்குச் சாதகமாகவே மாற்றும் என்பதை இத்தனை வருடம் அமெரிக்க ஃபுட்பால் பார்த்த பிறகும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன ஆட்டத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். டிசம்பர் 21 இரவு, நானும் அந்த மைதானத்தின் மேல் அடுக்கில் இருந்தேன். ஆட்டம் தொடங்கும்போது வெப்பநிலை சுமார் −4 டிகிரி. முதல் கால்பகுதி முடிவதற்குள் 21–0. குளிர் வந்தால் பந்தை எறிந்து ஆட முடியாது, ஓடித்தான் ஆட வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. அன்று ஒஹாயோவின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறியும் ஆட்டக்காரர், வில் ஹோவர்ட் 29 முறை எறிந்தார், 24 பிடிபட்டன, 311 யார்டு. எதிரணியின் கடைசிக் கோட்டைப் பந்தோடு தாண்டும் டச்டவுன் இரண்டைப் போட்டு, 103 யார்டு சேர்த்தவர் ஜெரமையா ஸ்மித். அவர் எந்த ஊர்ப் பையன்? மயாமிக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். கல்லூரிக்கு வந்து அதுதான் முதல் வருடம். குளிர்தான் தெற்கத்திப் பையன்களை முடக்கியது என்றால் முதலில் முடங்கியிருக்க வேண்டியவர் அவர்தான்.

இதை நம்மில் பலர் யோசிப்பதில்லை. ஒஹாயோ, மிச்சிகன், பென் ஸ்டேட், நோட்ரே டேம் எல்லாம் வடக்கே இருக்கும் கல்லூரிகள். ஆனால் அவற்றின் ஆட்டக்காரர்களில் எத்தனையோ பேர் ஃப்ளோரிடா, ஜார்ஜியா, டெக்சஸ், கலிஃபோர்னியாவிலிருந்து தேடிப்பிடித்துக் கூட்டி வரப்பட்டவர்கள். சட்டையில் ஊர்ப் பெயர் வடக்கு, உடம்பு வளர்ந்தது தெற்கு. அந்தப் பக்கம் டென்னசியின் நாக்ஸ்வில் ஒன்றும் வெப்பமண்டலம் இல்லை. டிசம்பர் இரவுகளில் அங்கேயும் உறைநிலையைத் தொடும். அங்கிருந்து காரில் ஐந்தாறு மணி நேரத்தில் கொலம்பஸ் வந்துவிடலாம். அன்று அரங்கத்தில் டென்னசியின் ஆரஞ்சு நிறம் எவ்வளவு நிறைந்திருந்தது என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

இன்னொன்றையும் உங்கள் லேபில் நினைவுபடுத்துங்கள். அதற்கு மூன்றே வாரம் முன்பு, நவம்பர் 30 அன்று, இதே மைதானம், இதே உறைநிலைக்குக் கீழான குளிர். வந்த அணி மிச்சிகன். அந்த வருடம் தடுமாறிக்கொண்டிருந்த அணி, தரவரிசையிலேயே இல்லை. ஒஹாயோ அப்போது நாட்டில் இரண்டாம் இடம். மிச்சிகன் அன்று எறிந்து சேர்த்தது மொத்தம் 62 யார்டுதான். முடிவு 13–10, ஜெயித்தது மிச்சிகன். எனக்கு இன்னும் ஆறாத வலி அது. குளிர் வீட்டு அணியின் பக்கம் நிற்கும் என்றால் அன்று எங்கே போயிருந்தது?

அந்த டிசம்பர் ஏன் இவ்வளவு பேசப்பட்டது என்பதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. கல்லூரி ஃபுட்பாலில் பட்டத்தைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்று 2014 முதல் நான்கு அணிகளோடு நடந்தது. 2024-ல்தான் பன்னிரண்டு அணிகளாக விரிந்தது. முதல் முறையாக, 5 முதல் 8 வரை இடம் பெற்ற அணிகள் முதல் சுற்றைத் தங்கள் சொந்த மைதானத்தில் ஆடலாம் என்று வந்தது. இனி தெற்கு அணிகள் டிசம்பரில் வடக்கே வந்தாக வேண்டும், அப்போது பார்க்கலாம் என்று வடக்கில் எல்லோரும் காத்திருந்தோம். நான்கு ஆட்டங்கள்: நோட்ரே டேம் இண்டியானாவை 27–17, பென் ஸ்டேட் எஸ்எம்யூவை 38–10, டெக்சஸ் கிளெம்சனை 38–24, ஒஹாயோ டென்னசியை 42–17. நான்கிலும் வீட்டு அணியே ஜெயித்தது, எல்லாமே பத்துப் புள்ளி அல்லது அதற்கு மேல் வித்தியாசத்தில். உடனே முடிவு கட்டிவிட்டார்கள்: குளிர்!

ஆனால் அந்த நான்கில் ஒன்று டெக்சஸின் ஆஸ்டினில் நடந்தது. அங்கே குளிர் என்ற பேச்சுக்கே இடமில்லை. நோட்ரே டேமும் இண்டியானாவும் ஒரே மாநிலத்துக் கல்லூரிகள். இரண்டுக்கும் ஒரே குளிர். டல்லஸிலிருந்து பென் ஸ்டேட்டுக்கு வந்த எஸ்எம்யூவின் கதைதான் கொஞ்சம் பொருந்தும். அவர்களுடைய குவார்ட்டர்பேக் எறிந்த இரண்டு பந்துகளை எதிரணி பிடித்துக்கொண்டு ஓடி நேராக டச்டவுனே போட்டுவிட்டது. அதில் விரல் விறைத்தது எவ்வளவு, ஒரு லட்சம் பேர் போட்ட கூச்சல் எவ்வளவு, பென் ஸ்டேட்டின் தடுப்பாட்டம் எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, சொந்த மைதானம் கிடைத்ததே தரவரிசையில் முன்னால் இருந்த அணிகளுக்குத்தான். நல்ல அணி சுமாரான அணியை ஜெயித்தால் அதில் வானிலையின் பங்கைத் தனியாகக் காட்ட முடியாது. அடுத்த வருடம், 2025 டிசம்பரில், முதல் சுற்று நார்மன், காலேஜ் ஸ்டேஷன், ஆக்ஸ்ஃபோர்டு, யூஜீன் ஆகிய ஊர்களில் அமைந்தது. அலபாமா நார்மனுக்குப் போய் ஓக்லஹோமாவையும், மயாமி காலேஜ் ஸ்டேஷனுக்குப் போய் டெக்சஸ் ஏ அண்ட் எம்மையும் ஜெயித்துவிட்டு வந்தன. சொந்த மைதானம் என்ற கோட்டை ஒரே வருடத்தில் விரிசல் கண்டது.

இனி உடம்புக்கு வருவோம். எனக்கு இதில்தான் ஆர்வம் அதிகம். வடக்கத்திப் பையன் குளிருக்குப் பழகியவன் என்கிறோம். வெப்பத்துக்கு உடம்பு பழகுவது உண்மை, அளந்து காட்டக்கூடிய உண்மை. பத்து, பதினான்கு நாள் வெயிலில் பயிற்சி செய்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரமே, அதிகமாகச் சுரக்கிறது, அதில் உப்பு குறைகிறது, அதே வேலைக்கு இதயத் துடிப்பு குறைகிறது. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ 2003-ல் சீசனுக்கு முந்தைய பயிற்சியில் முதல் ஐந்து நாள் வெப்பத்துக்குப் பழகும் காலம் என்று கட்டாயமாக்கியதற்குக் காரணம் இதுதான். வெயிலில் பையன்கள் செத்திருக்கிறார்கள். குளிருக்கு அப்படி ஒரு பெரிய மாற்றம் உடம்பில் நடப்பதில்லை. நடுக்கம் கொஞ்சம் குறையும், "ஐயோ குளிருதே" என்ற பதற்றம் குறையும், என்ன உடுத்துவது, கையை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் மனப்பழக்கம்தான். அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் வெப்பப் பழக்கத்தோடு அதைத் தராசில் வைக்க முடியாது.

ஃபுட்பால் குளிருக்கு ஏற்ற ஆட்டம் என்பதையும் மறக்கக் கூடாது. ஐந்தாறு விநாடி முழு வேகம், பிறகு அரை நிமிடத்துக்கு மேல் ஓய்வு, மறுபடி மோதல். மேலே தோள்கவசம், தலையில் ஹெல்மெட். ஆடுகிறவன் உடம்பே அடுப்பு. வெளியே வந்தால் சூடாக்கிய பெஞ்சு, முழங்காலுக்குக் கீழே தொங்கும் மேலங்கி, இரண்டு அணிகளுக்கும்தான். செப்டம்பர் மதியம் ஃப்ளோரிடாவில் அந்தக் கவசத்துக்குள் இருப்பவனுக்குத் தப்பிக்க இடமே இல்லை. கெயின்ஸ்வில்லில் ஃப்ளோரிடா பல்கலைக்கழக மைதானத்தை 'சதுப்பு நிலம்' என்று அழைப்பது சும்மா இல்லை. பள்ளத்தில் கிடக்கும் ஆடுகளம், நான்கு பக்கமும் ஆள் சுவர், காற்றே நுழையாத புழுக்கம். வானிலை உண்மையிலேயே வீட்டு அணிக்காக உழைப்பதைப் பார்க்க ஆசைப்பட்டால் நவம்பர் ஒஹாயோவை விட்டுவிட்டு செப்டம்பர் ஃப்ளோரிடாவுக்குப் போங்கள். கல்லூரி ஃபுட்பாலில் சொந்த ஊரில் தொடர்ந்து அதிக ஆட்டம் ஜெயித்த அணி எது தெரியுமா? மயாமி. 1985 முதல் 1994 வரை 58 ஆட்டம். அதற்கு அடுத்து 57 ஆட்டத்தோடு டஸ்கலூசாவில் அலபாமா. இரண்டுமே பனியைக் கண்ணில் பார்ப்பது அபூர்வமான ஊர்கள். அந்த வெற்றிகளுக்கு வெயில்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அற்புதமான அணிகள் அவை. ஆனால் பட்டியலின் உச்சியில் பனி ஊர் எதுவும் இல்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

அப்படியானால் குளிர் என்னதான் செய்கிறது? முதலில் கையைப் பிடிக்கிறது. விரல் தோலின் வெப்பம் சுமார் 15 டிகிரிக்குக் கீழே போனால் நுண்ணிய வேலைகள் தடுமாறத் தொடங்கும். எறிகிறவன், பிடிக்கிறவன், பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் தள்ளுகிற சென்டர், மூவருக்கும் அது பிரச்சினை. அடுத்தது பந்து. விதிப்படி சதுர அங்குலத்துக்கு 12.5 முதல் 13.5 பவுண்டு அழுத்தம் இருக்க வேண்டும். 21 டிகிரி அறையில் 13 பவுண்டுக்கு அடித்த பந்தை −4 டிகிரியில் கொண்டுபோய் வைத்தால், பள்ளியில் படித்த வாயு விதியே போதும், இரண்டு பவுண்டுக்கு மேல் இறங்கிவிடும். தோல் விறைத்து வழுக்கும், பந்து உயிரில்லாமல் இருக்கும். காற்றும் அந்த வெப்பநிலையில் ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு அடர்த்தி கூடுகிறது; பந்துக்கு இழுவிசை அதிகம். உதைத்த பந்து சில யார்டு முன்னாலேயே விழுந்துவிடும். 50 யார்டு தூரத்திலிருந்து பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஃபீல்டு கோல் அடிக்கிற கிக்கருக்கு அன்று 45-ஏ சந்தேகம். ஆனால் பாருங்கள், இதில் எதுவுமே வீட்டு அணி, வந்த அணி என்று பார்த்து நடப்பதில்லை. இரண்டு கிக்கர்களுக்கும் அதே காற்று, அதே பந்து.

உண்மையான வில்லன் குளிர் இல்லை, காற்று. இதற்கு என்னிடம் ஒரு ஜோடி ஆட்டம் இருக்கிறது. ஒரே குவார்ட்டர்பேக், சி.ஜே. ஸ்ட்ரவுட், தெற்குக் கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர், ஒஹாயோவுக்காக ஆடியவர். 2021 நவம்பர் 27, ஆன் ஆர்பரில் மிச்சிகனுக்கு எதிராக. உறைநிலையை ஒட்டிய வெப்பம், பனித் துளிகள் விழுந்துகொண்டிருந்தன. அணி 42–27 என்று தோற்றது, ஆனால் ஸ்ட்ரவுட் 394 யார்டு எறிந்தார். அன்று ஒஹாயோவைச் சாய்த்தது மிச்சிகனின் ஓட்டம். ஹாசன் ஹாஸ்கின்ஸ் ஒருவரே ஐந்து டச்டவுன். அடுத்த வருடம், 2022 நவம்பர் 5, சிகாகோவுக்குப் பக்கத்தில் எவன்ஸ்டனில் நார்த்வெஸ்டர்ன் அணிக்கு எதிராக. பனி இல்லை, சொல்லும்படியான குளிரும் இல்லை. ஆனால் மழையோடு பேய்க்காற்று. அதே ஸ்ட்ரவுட் 26 முறை எறிந்தார், 10 பிடிபட்டன, 76 யார்டு. அந்த நார்த்வெஸ்டர்ன் அந்த சீசனில் பன்னிரண்டு ஆட்டத்தில் ஒன்று மட்டும் ஜெயித்த அணி. அதனோடு ஒஹாயோ 21–7 என்று மூச்சு வாங்கித் தப்பியது. பனியில் 394, காற்றில் 76. தெர்மாமீட்டரைப் பார்த்து ஆட்டத்தைக் கணிக்கிறவர்களுக்கு நான் எப்போதும் இந்த இரண்டு எண்களைத்தான் சொல்வேன்.

இதிலிருந்து இன்னொரு உண்மையும் வெளியே வருகிறது. கெட்ட வானிலை வலுத்தவனைக் கீழே இழுத்து, இளைத்தவனோடு சமமாக நிறுத்துகிறது. திறமை என்பது எறிவதில், பிடிப்பதில், வேகமாகத் திரும்புவதில் இருக்கிறது; அதையெல்லாம் வானம் பிடுங்கிக்கொண்டால் மிஞ்சுவது தள்ளுமுள்ளும் அதிர்ஷ்டமும். இதை 1950-ல் கொலம்பஸ் பார்த்ததைப் போல வேறு எந்த ஊரும் பார்த்திருக்காது.

1950 நவம்பர் 25. ஒஹாயோ மாநிலமே பனிப்புயலில் புதைந்துகொண்டிருந்தது. மிச்சிகன் அணி கொலம்பஸில் காத்திருக்கிறது. ஆட்டத்தை ரத்து செய்தால் பிக் டென் என்ற வடக்குக் கல்லூரி லீக்கின் பட்டம் ஒஹாயோவுக்கே போகும் என்ற நிலை. ஆனாலும் ஆடியே தீர்வது என்று முடிவானது. அந்தப் புயலிலும் சுமார் 50,000 பேர் வந்து உட்கார்ந்தார்கள். களத்தில் கோடுகளே தெரியவில்லை. ஆட்கள் துடைப்பத்தால் பெருக்கிப் பெருக்கிக் கோட்டைத் தேடினார்கள். அந்த ஆட்டத்தில் இரண்டு அணிகளும் கண்டுபிடித்த வழி, பந்தை வைத்துக்கொள்ளாமல் இருப்பது. ஃபுட்பாலில் நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு போக முடியாது என்று தோன்றினால் கடைசி முயற்சியில் பந்தை எதிரி பக்கம் தூர உதைத்துவிடுவார்கள், அதுதான் பன்ட். அன்று முதல் முயற்சியிலேயே பன்ட் அடித்தார்கள். பந்து நம் கையில் இருந்தால் வழுக்கி விழும், அவன் கையில் இருந்தால் அவன் தவறு செய்வான் என்ற கணக்கு. மிச்சிகனின் சக் ஆர்ட்மன் 24 முறை, ஒஹாயோவின் விக் ஜானோவிச் 21 முறை, மொத்தம் 45 பன்ட். ஜானோவிச் அந்த வருடத்தின் ஹைஸ்மன் பரிசு வென்றவர், நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர். அப்படிப்பட்டவர் மதியம் முழுக்கப் பனிக்குள் பந்தை உதைத்துக்கொண்டே நின்றார். அவர் அந்தக் காற்றில் அடித்த ஒரு ஃபீல்டு கோல்தான் ஒஹாயோவின் மூன்று புள்ளி.

மிச்சிகன் அந்த ஆட்டம் முழுவதும் ஒரு முறைகூட நான்கு முயற்சிக்குள் பத்து யார்டைக் கடக்கவில்லை. எறிந்த ஒரு பந்துகூடப் பிடிபடவில்லை. மொத்தமாக முன்னேறியது 27 யார்டு. ஆனால் ஜெயித்தது, 9–3. ஒரு பன்டைத் தடுத்ததில் இரண்டு புள்ளி. இடைவேளைக்குச் சற்று முன் ஒஹாயோ தன் கோட்டுக்குப் பக்கத்தில், மூன்றாவது முயற்சியிலேயே உதைக்கப் போக, டோனி மாம்சன் அதைத் தடுத்து விழுந்த பந்தின் மேல் பாய்ந்தார், டச்டவுன். அவருடைய உடன்பிறப்பு பாப் மாம்சன் அன்று ஒஹாயோ அணியில். இன்னும் கொஞ்ச நேரம் பந்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தால் இடைவேளை வந்திருக்கும் என்று ஒஹாயோ பயிற்சியாளர் வெஸ் ஃபெஸ்லரைக் கொலம்பஸ் நகரமே துளைத்தெடுத்தது. அவர் சில வாரத்தில் பதவி விலகினார். அவருக்குப் பின் 1951-ல் வந்தவர்தான் புகழ்பெற்ற பயிற்சியாளர் வுடி ஹேய்ஸ். மிச்சிகன், சீசன் முடிந்ததும் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் நடக்கும் ரோஸ் பவுல் ஆட்டத்துக்குப் போய், கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணியை வெயிலில் 14–6 என்று ஜெயித்தது.

வடக்கின் வரலாற்றிலேயே மோசமான வானிலை, ஒஹாயோவின் சொந்த மைதானம், ஒஹாயோவின் சொந்த ஜனம். தோற்றது ஒஹாயோ.

சமீபத்திலும் இதே கதைதான். 2018 நவம்பர் 23, புல்மனில் வாஷிங்டன் ஸ்டேட் அணிக்கு அதன் பரம எதிரி வாஷிங்டனோடு ஆட்டம். வாஷிங்டன் ஸ்டேட் அந்த வருடம் பத்து ஆட்டம் ஜெயித்து ஒன்றே ஒன்று தோற்றிருந்தது. கார்ட்னர் மின்ஷூ என்ற குவார்ட்டர்பேக் எறிந்து எறிந்தே கொண்டுவந்த அணி. அன்று பார்த்துப் பனி கொட்டியது. மின்ஷூவின் 26 எறிகள் பிடிபட்டன, ஆனால் சேர்ந்தது 152 யார்டுதான். பனியே அதிகம் பார்க்காத சியாட்டிலிலிருந்து வந்த வாஷிங்டனின் மைல்ஸ் காஸ்கின் 170 யார்டு ஓடி மூன்று டச்டவுன் போட்டார், 28–15. சொந்த ஊர்ப் பனி சொந்த அணியின் கையைக் கட்டிப்போட்டது. 2023-ல் கன்சஸ் ஸ்டேட்டின் மைதானத்தில் கொட்டிய பனியில் ஐயோவா ஸ்டேட்டின் அபு சாமா 276 யார்டு ஓடினார். வந்த அணிக்கே வெற்றி, 42–35. இவை என் நினைவில் தங்கிய ஆட்டங்கள், கணக்கெடுப்பு இல்லை. வீட்டு அணி பனியில் ஜெயித்த ஆட்டங்களும் நிறைய உண்டு. நான் சொல்ல வருவது, பனி கேட்கும் கேள்வி உன் ஊர் எது என்பதில்லை. உன்னால் பந்தை ஓடிக் கொண்டுபோக முடியுமா என்பதே அது கேட்கும் கேள்வி.

இங்கேதான் வடக்குக்கு ஒரு நியாயமான பலம் ஒளிந்திருக்கிறது. நவம்பரில் ஆட வேண்டியிருக்கும் என்று தெரிந்து அதற்கேற்ப அணியைக் கட்டுவது. விஸ்கான்சின் இதில் கெட்டிக்காரர்கள். மாநிலத்திலேயே கிடைக்கும் மாமிச மலை போன்ற பையன்களை முன்வரிசையில் மோதித் தடுக்கும் லைன்மேன்களாக வளர்த்து, அவர்களுக்குப் பின்னால் ஒருவனை ஓட விடுவது. 2014 நவம்பர் 15, மேடிசனில் பனி பறக்க, நெப்ராஸ்காவுக்கு எதிராக மெல்வின் கார்டன் 408 யார்டு ஓடினார், அதுவும் மூன்று கால்பகுதியிலேயே, 59–24. அது அன்றைய தேசியச் சாதனை. நெப்ராஸ்காவும் குளிர் ஊர்தான் என்பதைக் கவனியுங்கள். குளிருக்குப் பழகியவன், பழகாதவன் என்ற வேறுபாடே அங்கு இல்லை. குளிரிலும் வேலை செய்யும் ஆட்டம் ஒருவரிடம் இருந்தது, இன்னொருவரிடம் அதைத் தடுக்கும் வழி இல்லை. அந்தச் சாதனையும் ஒரே வாரம்தான் நின்றது. ஓக்லஹோமாவின் சமாஜே பெரைன் அடுத்த சனிக்கிழமை, மழையில், 427 ஓடிவிட்டார்.

குளிரே பெரிய பலமாக இருந்திருந்தால் குளிர் ஊர்க்காரர்கள் கூரை போட்டிருப்பார்களா? அமெரிக்காவில் பனி அதிகம் கொட்டும் நகரங்களில் ஒன்று சிரக்யூஸ்; அந்தக் கல்லூரி 1980 முதல் கூரைக்குக் கீழேதான் ஆடுகிறது. மினசோட்டா 1982 முதல் 2008 வரை நகரத்தின் கூரை அரங்கத்தில் ஆடிவிட்டு, 2009-ல்தான் வளாகத்தில் திறந்தவெளி மைதானத்துக்குத் திரும்பியது. எனக்குப் பிடித்த உதாரணம் ஃபார்கோ. நார்த் டகோட்டா ஸ்டேட் அணியின் ஊர், ஜனவரி இரவில் −18 டிகிரி சாதாரணம். இரண்டாம் தட்டுக் கல்லூரிகளின் பிளேஆஃப் வெகு காலமாகவே சொந்த மைதானங்களில் நடப்பது. தெற்கு அணிகள் டிசம்பரில் ஃபார்கோவுக்கு வந்து நடுங்கி இறங்கும். இறங்கிய பிறகு ஆடுவது ஃபார்கோடோம் என்ற கதகதப்பான கூரைக்குக் கீழே! அங்கே அவர்களைச் சாய்ப்பது கூரைக்குள் அடைபட்டு எதிரொலிக்கும் சத்தம். இதே அணி 2011 சீசன் முதல் 2024 சீசன் வரை வென்ற பத்துப் பட்டங்களின் இறுதி ஆட்டங்களும் டெக்சஸின் ஃபிரிஸ்கோவில் நடந்தவை. நாட்டின் மிகக் குளிர்ந்த ஊர்களில் ஒன்றின் அணிக்குப் பட்டம் தந்த ஒரு ஆட்டத்திலும் சொந்த ஊர்க் குளிர் உதவிக்கு வரவில்லை.

சத்தம் என்று சொன்னேன். சொந்த மைதானத்தின் பலம் உண்மை. அதன் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. குவார்ட்டர்பேக் கத்தும் சங்கேதம் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காதபோது லைன்மேன் அரை விநாடி தாமதிக்கிறான், அல்லது முன்கூட்டியே அசைந்து ஐந்து யார்டு தண்டம் கட்டுகிறான். பயணம், வேறு படுக்கை, மாறிய மணி நேரம். 2024-ல் பிக் டென்னுக்குள் வந்த தெற்குக் கலிஃபோர்னியாவின் யுஎஸ்சி அணியைப் பாருங்கள். குளிரில் மாட்டிக்கொண்டு முழிக்கப் போகிறார்கள் என்று இங்கே எவ்வளவு பேச்சு! அவர்கள் அந்த வருடம் மிச்சிகனில் தோற்றார்கள், செப்டம்பரில். மினசோட்டாவில் தோற்றார்கள், அக்டோபர் 5. மேரிலாண்டில் தோற்றார்கள், அக்டோபர் 19, ஒரே புள்ளியில். குளிர் வருவதற்கு முன்பே வேண்டிய அளவு தோற்று முடித்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து கடைசி நிமிடங்களில் கோட்டை விட்ட அணி அது. தெர்மாமீட்டரின் மேல் பழி போட ஒன்றுமில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, டிசம்பர் ஆட்டங்கள் வடக்கே நடப்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். முரண்பாடு போலத் தோன்றலாம், ஆனால் இல்லை. கல்லூரி ஃபுட்பாலின் கடைசி ஆட்டங்கள் நூறு வருடத்துக்கு மேலாகத் தெற்கிலும் மேற்கிலுமே நடந்தன: பாசடீனா, மயாமி, நியூ ஆர்லியன்ஸ், டல்லஸ். ரோஸ் பவுலின் தாய்விழாவே, கிழக்கே பனி கொட்டும்போது இங்கே ரோஜா பூக்கிறது பார் என்று காட்டப் பாசடீனாக்காரர்கள் 1890-ல் தொடங்கியது. மிச்சிகனின் போ ஷெம்பெக்லர் எவ்வளவு பெரிய பயிற்சியாளர்! ரோஸ் பவுலில் பத்தில் எட்டு தோற்றார். அதில் பல, எதிரணியின் வீட்டு வாசலிலேயே ஆடியவை. அவர்களை ஜனவரியில் ஒரு முறை ஆன் ஆர்பருக்குக் கூப்பிடுங்கள் என்று தலைமுறை தலைமுறையாக இங்கே பெருமூச்சு விட்டார்கள். குளிர் ஜெயிக்க வைக்கும் என்பதற்காக நான் இதைக் கேட்கவில்லை. சீசன் முழுக்க உழைத்த அணி தன் ஜனத்தின் முன்னால் ஆட வேண்டும், அவ்வளவுதான். இப்போதைய ஏற்பாட்டில் முதல் நான்கு அணிகளுக்கு அதுகூடக் கிடையாது. அவை காலிறுதியை நேராக ரோஸ் பவுல் போன்ற பவுல் ஆட்டங்களின் மைதானங்களில் ஆடுகின்றன. 2024-ல் ஓரிகன் தோல்வியே காணாமல் முதலிடம் பிடித்தது. அக்டோபரில் சொந்த ஊர் யூஜீனில் ஒஹாயோவை 32–31 என்று ஜெயித்திருந்தது. பிளேஆஃபில் அதே ஒஹாயோவைப் பாசடீனாவில் சந்தித்தது. ஒரு கட்டத்தில் 34–0, கடைசியில் 41–21, வெளியே. எட்டாம் இடத்திலிருந்த என் அணிக்குச் சொந்த மைதானத்தில் ஒரு ஆட்டம் கிடைத்தது, முதலிடத்துக்குக் கிடைக்கவில்லை. என் அணி ஜெயித்தது என்பதற்காக அதை நியாயம் என்று சொல்ல என்னால் முடியாது. காலிறுதியும் வளாகங்களுக்கு வர வேண்டும்.

ஒஹாயோ அந்த வருடப் பட்டத்தை எப்படி வென்றது என்றும் பார்த்துவிடுங்கள். டென்னசிக்குப் பிறகு பாசடீனா வெயில், பிறகு ஆர்லிங்டனில் கூரை, பிறகு அட்லாண்டாவில் கூரை. 2025 ஜனவரி 20 அன்று இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது நோட்ரே டேம். வடக்கின் இரண்டு குளிர் ஊர் அணிகள் ஜார்ஜியாவில் கூரைக்குக் கீழே மோதின, 34–23. நான்கு ஆட்டத்தில் குளிர் இருந்தது ஒன்றில்தான்.

தம்பி, இந்த நவம்பரில் முதல் தடவை மைதானத்துக்குப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். காலுறையை மட்டும் நம்பாதீர்கள், கான்கிரீட் அடியிலிருந்து சூட்டை உறிஞ்சும். ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து எடுத்துப்போய்க் காலடியில் போட்டுக்கொள்ளுங்கள். சூடாக்கும் பொட்டலங்கள் நான்கு, இரண்டு கைக்கு, இரண்டு ஷூவுக்கு. கையுறையோடு கைதட்டினால் சத்தமே வராது, அதனால் இங்கே எல்லோரும் காலால்தான் தட்டுவார்கள். நீங்களும் தட்டுங்கள், காலும் சூடாகும். உட்கார்ந்ததும் பெரிய திரையில் எத்தனை டிகிரி என்று பார்க்க வேண்டாம். கோல் கம்பங்களின் உச்சியில் சின்னதாக ஒரு நாடா கட்டியிருப்பார்கள். அது தொங்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு குளிரானாலும் எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களைப் பாருங்கள். அது படுக்கைவாட்டில் நீண்டு துடித்துக்கொண்டிருந்தால், இரண்டு அணியில் எவனுடைய லைன்மேன்கள் பெரியவர்கள் என்று பாருங்கள்.